அத்தையின் காலுக்கு ஏற்ற ஆட்டம்: கல்யாண வரவேற்பில் ஆட 7 வாரத் தயாரிப்பு

தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு வைகாசிக் கடைசியில் கல்யாணம். வீடு பாம்பனில், கல்யாண மண்டபம் ராமநாதபுரத்தில். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, அதில் குடும்பத்து ஆட்கள் 9 பேர் சேர்ந்து ஆட ஆசை. சித்தி மகனுக்கு 11 வயது, அத்தைக்கு 54. அத்தைக்கு முட்டி வலியும் சர்க்கரையும் உண்டு, ஆனாலும் ஆடியே தீருவேன் என்கிறார். இரண்டு பிள்ளைகள் சென்னையில் ஆடிப் பழகியவர்கள். மச்சான்மார் இருவர் கடலுக்குப் போகிறவர்கள். பெரியப்பா மகன் துபாயிலிருந்து கல்யாணத்துக்கு 3 நாள் முன்னால்தான் வந்து இறங்குவார். அப்பத்தாவும் வீட்டில்தான் இருக்கிறார். 7 வாரம் இருக்கிறது. எந்த ஆட்டம் ஆடலாம், போனில் வருகிற வள்ளி கும்மியை ஆடலாமா, எப்படிப் பழகுவது, பட்டுச் சேலையோடு ஆட முடியுமா, ஊர் சிரிக்குமா, இவ்வளவுதான் கேள்வி.

தாராளமாக ஆடலாம். 7 வாரம் நல்ல அவகாசம். ஆனால் ஒன்றை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், ஆட்டத்தை யாருடைய காலுக்கு அமைக்கப் போகிறீர்கள் என்று. பெரும்பாலான வீடுகளில் நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளையின் காலுக்கு அமைக்கிறார்கள், உங்கள் வீட்டில் அது சென்னைப் பிள்ளைகளாக இருக்கும். நான் அத்தையின் காலுக்கு அமையுங்கள் என்கிறேன். அத்தை மூச்சு வாங்காமல், முட்டி வலிக்காமல், சிரித்த முகத்தோடு எதை ஆட முடியுமோ அதுதான் உங்கள் ஆட்டம். மற்ற 8 பேரும் அதையே அத்தையைவிட அழகாக ஆடட்டும், அதைவிடக் கடினமாக ஒன்றும் வேண்டாம்.

நான் உச்சிப்புளிப் பக்கம், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பதினாறு வயதில் ஒயிலாட்டம், அதாவது வரிசையாக நின்று கைத்துணியை விசிறி ஆடும் ஆட்டம், பழகினேன், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எங்கள் ஒயில் வாத்தியார் முதல் 10 நாள் எங்கள் கையில் துணியே தரவில்லை. மூன்று எட்டு வை, நாலாவதில் காலைத் தட்டு, அவ்வளவுதான் பாடம். இருபது பேர் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நின்று அதையே ஆடிக்கொண்டிருந்தோம். பத்தாம் நாள் அவர் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து எங்கள் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். இருபது காலும் ஒரே சத்தமாக விழுந்த அன்றைக்குத்தான் துணி கைக்கு வந்தது. கூட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு அதைவிட நல்ல பரீட்சையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒருவர் எவ்வளவு கஷ்டமான அடவு போட்டார் என்பது தெரியவே தெரியாது, 8 பேர் வலது பக்கம் போகும்போது ஒருவர் இடது பக்கம் போனால் மட்டும் பந்தியில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

ஆட்டம் எது என்று கேட்டால், பெண்களுக்குக் கும்மி, ஆண்களுக்கு ஒயில், கடைசியில் எல்லோரும் ஒரே வட்டம். இரண்டும் நம் பக்கத்தில் இருக்கிற ஆட்டம். முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் கும்மி தட்டாத பெண் யார்? அத்தைக்கு அது ஏற்கனவே உடம்பில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு எட்டு, கை தட்டு, வெளியே ஒரு எட்டு, கை தட்டு, பக்கவாட்டில் நகரு. குதிப்பதும் இல்லை, குந்துவதும் இல்லை. ஒயிலும் அப்படித்தான், அழகு முழுக்கக் கையில் இருக்கும் துணி ஒரே நேரத்தில் விசிறி விழுவதில் இருக்கிறது. மச்சான்மாருக்கு வேட்டி கட்டி, வலது கையில் ஆளுக்கு ஒரு சிவப்புத் துணி கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

போனில் வருகிற வள்ளி கும்மி வீடியோக்களைப் பார்த்து அதையே ஆடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது கொங்குப் பக்கத்து ஆட்டம், அருமையான ஆட்டம். வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்த கோவைப் பக்கத்து பத்ரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது, ஆண்கள் மட்டும் ஆடி வந்ததைப் பெண்களுக்கும் பழக்கியவர் அவர். ஆனால் அதில் வள்ளி கதை இருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு அடவு மாறும், ஒரு ஆசிரியர் முன்னால் நின்று சொல்லிக் கொடுத்து வர வேண்டிய ஆட்டம் அது. வீடியோவைப் பார்த்து அரைகுறையாகப் பிடிப்பதைவிட அத்தைக்குத் தெரிந்த நம்மூர்க் கும்மியை முழுசாக ஆடுவது மேல்.

இப்போது பாட்டு. இதில்தான் நிறையப் பேர் முதல் வாரமே தப்புப் பண்ணுகிறார்கள், பிடித்த பாட்டை எடுத்துவிட்டு அப்புறம் அதற்குள் அடவைத் திணிக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் பாட்டைப் போட்டுவிட்டுக் கை தட்டிப் பாருங்கள். தட்டுக்கு நடுவில் உங்கள் வாய் தகதிமி என்று சொல்கிறதா, தகிட என்று சொல்கிறதா? தகதிமி என்றால் நான்கு நடை, தகிட என்றால் மூன்று நடை, இரண்டிலும் பாட்டு உண்டு. நம்மூர்க் கும்மி பெரும்பாலும் தகிட நடை. சினிமாக் குத்துப் பாட்டிலும் தகிட நடையில் நிறைய இருக்கின்றன, அவற்றில் கும்மி தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தகதிமிப் பாட்டில் ஒயில் அடவு நன்றாக இருக்கும், அதில் கும்மியைப் போட்டால் அத்தையின் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும், தப்பு அத்தை மேல் விழும்.

அடுத்து வேகம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடியில் எத்தனை தட்டு வருகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 100லிருந்து 115 தட்டு வரை இருந்தால் சேலை கட்டிய குழுவுக்குச் சரி. 130ஐத் தாண்டினால் முதல் நிமிஷத்தில் உற்சாகமாக இருக்கும், இரண்டாவது நிமிஷத்தில் முகம் மாறிவிடும். நீளம் இரண்டரை நிமிஷம் போதும். 110 தட்டு வேகத்தில் இரண்டரை நிமிஷம் என்றால் 275 தட்டு, எட்டுத் தட்டுக்கு ஒரு எட்டு என்று கட்டினால் 34 எட்டும் கொஞ்சமும், இங்கே எட்டு என்பது காலடி இல்லை. பிரித்துச் சொல்கிறேன் பாருங்கள்: நடந்து உள்ளே வர 4 எட்டு, வரிசையில் நின்று முதல் அடவு 8 எட்டு, பெண்கள் வட்டமாகக் கும்மி 8 எட்டு, அந்த நேரம் ஆண்கள் வெளிவட்டத்தில் கை தட்டி நடந்துவிட்டு அடுத்த 8 எட்டில் எதிர் வரிசையாக ஒயில், மறுபடி எல்லோரும் சேர்ந்த வட்டம் 4 எட்டு, கடைசி 2 எட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து நின்று கும்பிடுவது. முடிந்தது. மொத்தம் 34. கற்றுக்கொள்ள வேண்டிய அடவு நாலே நாலுதான், மற்றதெல்லாம் திரும்ப வருவது. அண்ணனைப் பார்த்து நிற்கும் அந்தக் கடைசி 2 எட்டை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதீர்கள், பத்து வருஷம் கழித்து ஆல்பத்தில் இருக்கப் போவது அந்த நிற்றல்தான்.

நேரம் உங்களுக்கு நன்றாக அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், போட்டுக்குப் போகும் மச்சான் கரையில்தான் இருப்பார். சும்மா இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் போட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, இஞ்சினைப் பிரிப்பது, வலையைச் சரி பண்ணுவது எல்லாம் நடக்கும். வள்ளத்துக்கு, அதாவது நாட்டுப்படகுக்கு, போகும் மச்சானுக்குத் தடை கிடையாது, அவர் விடியலுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். அதனால் விடியற்காலைப் பழக்கம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது, சாயங்காலம் ஆறரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 4 நாள், ஒரு நாளைக்கு 40 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று மணி நேரம் ஆடி அடுத்த ஆறு நாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு, தினம் கொஞ்சம் ஆடுவது எவ்வளவோ நல்லது.

எங்கே பழகுவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே அடிபட்டிருக்கிறேன். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எல்லோரும் மணலுக்குத்தான் போகிறோம். காற்று வரும், இடம் உண்டு, விழுந்தாலும் அடிபடாது. கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், ஆக இரண்டு வாரம் மணலில் பழகினால் கெண்டைக்காலும் கணுக்காலும் நன்றாக இறுகும், மூச்சும் நீளும். ஆனால் மணலில் கால் சுழலாது. திரும்புவதற்குக் காலைத் தூக்கி, எடுத்து, புதைத்து வைக்கப் பழகிவிடுவோம். அந்தக் காலோடு மண்டபத்து வழவழத் தரைக்குப் போனால் தூக்கிய கால் தடாரென்று விழும், முட்டியில் அதிரும், திரும்பினால் வழுக்கும். என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பிள்ளைகளை ஒரு மாதம் முழுக்க மணலிலேயே பழக்கினேன். மண்டபத்தில் பளபளவென்று கிரானைட் தரை. இரண்டாவது திருப்பத்தில் இரண்டு பெண்கள் ஒன்றாக வழுக்கி விழுந்தார்கள், ஒரு பிள்ளைக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. கல்யாண நாள் முழுக்க அந்தப் பிள்ளை கட்டுப் போட்ட கையோடு போட்டோவுக்கு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதிலிருந்து என் கணக்கு இதுதான்: முதல் 2 வாரம் மணல், அடுத்த 3 வாரம் மொட்டை மாடி அல்லது சிமென்ட் தரை, கடைசி 2 வாரம் யார் வீட்டிலாவது டைல்ஸ் போட்ட கூடத்தில். மொட்டை மாடியைச் சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்ததும் ஏறுங்கள், கத்திரி வெயில் நேரத்தில் தளம் இருட்டின பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். மணலுக்குப் போவதானாலும் இந்தச் சமயத்தில் தென்கடல் பக்கம் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும், வடகடல் பக்கம் போங்கள், அந்தக் கரை கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

முதல் வாரம் அடவே வேண்டாம். பாட்டைப் போட்டு 9 பேரும் தாளத்துக்கு நடங்கள். சும்மா நடை, எட்டு எண்ணித் திரும்புவது, மறுபடி எட்டு எண்ணித் திரும்புவது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, சென்னைப் பிள்ளைகள் கண்டிப்பாக முணுமுணுப்பார்கள். விடாதீர்கள். தாளத்துக்கு நடக்கத் தெரிந்தவருக்கு எந்த அடவும் இரண்டு நாளில் வந்துவிடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் நாலு அடவு, நாலாவது ஐந்தாவது வாரத்தில் யார் எங்கே நிற்பது, எப்படி வட்டமாவது. ஐந்தாவது வாரக் கடைசியில் எங்கள் வாத்தியார் பரீட்சையை வைத்துப் பாருங்கள், ஒருவர் திரும்பி உட்கார்ந்து காலடியை மட்டும் கேட்கட்டும். சலசலவென்று கேட்டால் கையை விட்டுவிட்டு மறுபடி காலுக்குப் போங்கள். ஆறாவது வாரம் உடுப்போடு. ஏழாவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாள் பாட்டைக் கேட்டு மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. கல்யாண வீட்டு வேலையில் எப்படியும் கால் ஓய்ந்துதான் இருக்கும்.

பழக்கமில்லாத உடம்பு ஆடத் தொடங்கினால் ஆடின அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தொடையும் கெண்டைக்காலும் இழுக்கும். இது வரும், மூன்று நான்கு நாளில் போகும். இதற்காக நிறுத்த வேண்டாம், அன்றைக்கு மெதுவாக நடந்து கைகால் நீட்டினால் போதும். ஆனால் மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, வீங்கினாலோ அது வேறு, அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன்னால் 5 நிமிஷம் நடை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது இருபது தடவை. இது ஒன்றைச் செய்தாலே கணுக்கால் பிசகுவது பாதி குறையும் என்பது என் அனுபவம்.

அத்தைக்கு மட்டும் தனியாகச் சில வார்த்தை. முட்டியை மடக்கி இறங்கும் எந்த அசைவும் வேண்டாம், தட்டுவதற்குப் பதில் குதிகாலை முன்னால் நீட்டி வைக்கட்டும், பார்க்க அதுவும் அழகு. வெறும் வயிற்றில் ஆடக் கூடாது, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர் என்றால் பழகத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி மாதிரிச் சின்னதாக ஏதாவது. பழகும் இடத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை வையுங்கள். ஆடும்போது படபடவென்று வந்து, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உட்கார வைத்து முதலில் அதைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு நம்மூர்ப் புழுக்கம்தான் எதிரி. வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், இளநீர், எது கிடைக்கிறதோ அது, பழக்கத்துக்கு முன்னும் பின்னும். பதநீர் கிடைக்கிற காலம்தான் இது, ஆனால் அது காலையில் இறக்கிய உடனே குடிக்க வேண்டிய சரக்கு, சாயங்காலம் வரை வைத்தால் புளித்துவிடும், அத்தைக்கு அது ஆகாது.

துபாய் அண்ணனை நினைத்துப் பயப்பட வேண்டாம். அவருக்கு வீடியோ அனுப்புங்கள், ஆனால் முன்னால் நின்று எடுத்த வீடியோ வேண்டாம், ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்தது வேண்டும். முன்னால் நின்று எடுத்ததைப் பார்த்துப் பழகினால் வலது இடது மாறிவிடும், அதை மூன்று நாளில் மாற்றுவது மகா கஷ்டம். நாலு அடவையும் தனித்தனியாக மெதுவாக ஒரு தடவை, பாட்டு வேகத்தில் ஒரு தடவை. மண்டபத்தில் அவரை இரண்டாவது வரிசையின் நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் நிறுத்தாதீர்கள். வரிசை திரும்பும்போது ஓரத்தில் இருப்பவர்தான் தலைவர் ஆகிவிடுவார், அவருக்கு முன்னால் பார்த்து ஆட ஆள் இருக்காது. ஓரங்களில் சென்னைப் பிள்ளைகள் இருவரும் நிற்கட்டும், அவர்கள் திறமைக்கு அதுதான் சரியான இடம். சின்னப் பையன் முன்னால். அத்தை முன் வரிசையில் நடுவில், அவரை யாரும் மறைக்கக் கூடாது.

உடுப்பு. பட்டுச் சேலையோடு ஆட முடியும், பட்டுச் சேலையோடு பழகாமல் ஆட முடியாது. ஆறாவது வாரம் முழுக்க ஏதாவது ஒரு பழைய பட்டையோ கனமான சேலையையோ கட்டிக்கொண்டு பழகுங்கள். சாதாரணமாகக் கட்டுவதைவிட ஒன்றரை அங்குலம் உயர்த்தி, பாதம் தெரியும்படி. கொசுவத்தை இடுப்பில் ஒரு ஊக்கு, முழங்காலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு ஊக்கு. முந்தானையை மடித்துத் தோளில் குத்தியது போக, நுனியைச் சுற்றி இடுப்பில் செருகிவிடுங்கள், கும்மியில் குனியும்போது முந்தானை சரிந்தால் ஒரு கை அதைப் பிடிக்கவே போய்விடும். கொலுசு போடுங்கள், சத்தம் நன்றாக இருக்கும். நீளமான ஆரமும் தொங்கும் குஞ்சமும் ஆட்டம் முடிந்து போட்டுக்கொள்ளலாம். மச்சான்மார் வேட்டியை மடித்துக் கட்டாமல் தார் பாய்ச்சிக் கட்டினால் கால் விரியும், அவிழுமோ என்ற பயமும் இல்லை. வெறுங்காலோடு ஆடுங்கள், ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஈரத் துணியால் உள்ளங்காலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு தடவை ஒத்திவிட்டு ஏறுங்கள். பந்தி பரிமாறிவிட்டு வந்த காலில் எண்ணெய் இருக்கும்.

மண்டபத்தை முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். மேடையில் ஆட வேண்டாம், சோபாவும் பூ அலங்காரமும் போக அங்கே 9 பேருக்கு இடம் இருக்காது. மேடைக்கு முன்னால் நாற்காலியை இரண்டு வரிசை பின்னால் தள்ளச் சொன்னால் போதும். சிவப்புக் கம்பளம் விரித்திருந்தால் அதைச் சுருட்டச் சொல்லுங்கள், முடியாது என்றால் விளிம்பு முழுக்க டேப் ஒட்டச் சொல்லுங்கள், டைல்ஸ் மேல் கிடக்கும் கம்பளம் திரும்பும்போது காலோடு வரும். புகை போடுகிறோம் என்பார்கள், ஆட்ட இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உலர்பனிக்கட்டிப் புகை தரையில் ஈரத்தைப் படிய வைக்கும். பூமத்தாப்பு மாதிரிப் பீய்ச்சுகிற மெஷினும் பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வீடியோக்காரத் தம்பிகளிடம் அன்பாக ஒரு கோட்டைக் காட்டி, ஆட்டம் முடியும்வரை இதைத் தாண்டி உள்ளே வராதீர்கள் தம்பி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பார்கள்.

ரேடியோசெட்காரரிடம் பாட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன் என்று நம்பி இருக்காதீர்கள். ஒரு பென்டிரைவில் உங்கள் பாட்டு மட்டும், வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. அதே மாதிரி இன்னொன்று உங்கள் சித்தப்பா சட்டைப் பையில். போனிலிருந்து போட்டால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், கல்யாண வீட்டில் போன் அடிக்காமல் இருக்குமா? பாட்டுக்கு முன்னால் எட்டுத் தட்டு வெறும் தாளமாகச் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள், அந்த எட்டுக்குள் 9 பேரும் மூச்சைப் பிடித்து நிற்கலாம். இன்னொன்று, இது தெருவில் ஆடும்போது முக்கியம், சீர் எடுத்து வரும்போது ஆடுவதாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். சத்தம் ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளிப் பனைமரத்தில் கட்டியிருக்கும் குழாயிலிருந்து வருகிற தாளம் பக்கத்துப் பெட்டியின் தாளத்தைவிட கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாகக் காதில் விழும். உங்கள் பாட்டில் ஒரு தட்டே அரை விநாடிக்குச் சற்றுக் கூடத்தான், ஆக பாதித் தட்டுக்கு மேல் பிசகிவிடும். ஒரு கல்யாணத்தில் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் பழகியவர்கள், அப்படியும் இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடினார்கள், காரணம் புரிய எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பக்கத்துப் பெட்டியைத் தவிர மற்றதை அந்த இரண்டரை நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள்.

எப்போது ஆடுவது? பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும், முதல் பந்திக்குக் கூப்பிடுவதற்கு முன்னால். பந்தி தொடங்கிவிட்டால் கூட்டம் இருக்காது, மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஆடினால் எழுதுகிறவருக்குப் பெயர் காதில் விழாது, சண்டை வரும். இரவு 10 மணிக்கு மேல் மூடிய கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது சட்டம், அதனால் கடைசியில் ஆடிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

ஊர் சிரிக்குமா என்று கேட்டீர்களே, கேள்விக்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. பொம்பளைப் பிள்ளைகள் கல்யாண வீட்டில் ஆடுவதா என்று ஒருவராவது சொல்வார். முன்கூட்டியே உங்கள் அப்பாவையும் தாய்மாமனையும் உட்கார வைத்து, என்ன பாட்டு, என்ன ஆட்டம் என்று காட்டிவிடுங்கள். பெண் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவர்கள் வழக்கம் வேறாக இருக்கலாம். பங்காளி வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள், போனில் கேட்க வேண்டாம். ஊர்வலத்தில் ஆடினால் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் முன்னால் மேளத்தை நிறுத்தி அமைதியாகக் கடந்து போவது நம் கரையில் எல்லோரும் மதிக்கிற விஷயம், பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். இவ்வளவையும் செய்த வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று, இதை நான் எல்லா வீட்டுக்கும் சொல்வதில்லை, உங்கள் கேள்வியில் அப்பத்தா வீட்டில்தான் இருக்கிறார் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். அவரிடம் போய் முளைப்பாரிக் கும்மிப் பாட்டு இரண்டு அடி பாடிக் காட்டச் சொல்லுங்கள். போனில் பதிவு பண்ணுங்கள். உங்கள் ஆட்டத்தை அந்த இரண்டு அடியோடு தொடங்குங்கள், ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம், பெண்கள் ஐந்து பேரும் வாயால் பாடிக் கையால் தட்டி உள்ளே வரட்டும், சினிமாப் பாட்டு அதற்குப் பிறகு வரட்டும். நான் சொன்ன முதல் 4 எட்டு அதுதான். அத்தைக்கு வார்த்தை தெரியும், மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடத் தாமதமானாலும் அந்த இரண்டு அடியையே திரும்பத் திரும்பப் பாடி முழு ஆட்டத்தையும் ஆடி முடிக்கலாம், அதையும் ஒரு நாள் பாட்டே போடாமல் பழகிப் பார்த்துவிடுங்கள். அப்பத்தாவை முன் வரிசை நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் குலவை போட்டதும் நீங்கள் முதல் எட்டு எடுத்து வைக்க வேண்டும், ரேடியோசெட்காரருக்கும் குலவை முடிந்த பிறகுதான் விரலைப் பொத்தானில் வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுங்கள், கல்யாண நெருக்கத்தில் போய்க் கேட்டால் தொண்டை சரியில்லை என்பார்.